ஷேவிங் பிரஷ்ஷில் நுரை எழுப்பும் முறை: ஊறவைப்பதிலிருந்து காயவைப்பது வரை

பிரஷ் வாங்கிய முதல் வாரத்தில் வரும் புகார் பெரும்பாலும் இரண்டுதான். நுரை வருகிறது, ஆனால் ஒரு கன்னம் மழிப்பதற்குள் காய்ந்துபோகிறது. அல்லது நுரை தண்ணியாகக் கழுத்து வழியே ஓடிப் பனியனை நனைக்கிறது. பலரும் சோப்பை மாற்றிப் பார்க்கிறார்கள், பிரஷ்ஷை மாற்றிப் பார்க்கிறார்கள். கோளாறு அங்கே இருப்பது அபூர்வம்.

சோப்பை முதலிலேயே தாராளமாக எடுத்துவிட வேண்டும். தண்ணீரைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சொட்டச் சொட்ட நனைந்த பிரஷ்ஷில் கடுகளவு கிரீம் வைத்துச் சுழற்றுகிறார்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

1. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

பிரஷ்ஷின் முடிப்பகுதியைக் குஞ்சம் என்று வைத்துக்கொள்வோம். குஞ்சத்தின் அடி விட்டம் 22 முதல் 26 மி.மீ. வரை இருந்தால் முகச்சவரத்துக்குப் போதும். மளிகைக் கடையில் தொங்கும் ஒல்லியான நைலான் பிரஷ்களில் முடி அடர்த்தி குறைவு, தண்ணீர் நிற்காது. அதில் பழகினால் எந்த முறையும் பிடிபடாது.

குஞ்சம் பொதுவாக மூன்று வகை. செயற்கை இழைக்கு ஊறல் வேண்டாம், சீக்கிரம் காயும், தண்ணீரை உள்ளே ஒளித்துவைக்காது. நீங்கள் ஊற்றிய அளவுதான் நுரைக்குப் போகும் என்பதால் தொடங்குபவருக்கு இதுவே சரி. பன்றிமுடி விறைப்பானது, கட்டிச் சோப்பை நன்றாக அள்ளும், விலையும் குறைவு. ஆனால் பழகச் சில வாரம் பிடிக்கும். பேட்ஜர் என்ற விலங்கின் முடி மெத்தென்று இருக்கும், நிறையத் தண்ணீர் குடிக்கும். அந்தத் தண்ணீர் எப்போது வெளியே வரும் என்பது கைக்குத் தெரியாதவரை நுரை நீர்த்துக்கொண்டே இருக்கும்.

சோப்பு கட்டியாக, குச்சியாக, டியூப் கிரீமாகக் கிடைக்கிறது. எதுவானாலும் பிரஷ்ஷுக்கு உரியதா என்று அட்டையில் பாருங்கள். பிரஷ் தேவையில்லாத கிரீமும், டப்பாவை அழுத்தினால் வரும் நுரையும், ஜெல்லும் இந்த வேலைக்கு ஆகாது. குளியல் சோப்பும் ஆகாது. அதில் நுரை பொங்கும், நிற்காது. சவரச் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் அதிகம், அது பொட்டாசியம் சோப்பாக மாறியிருக்கும். தண்ணீரைப் பிடித்துவைக்கும் கெட்டியான நுரை அதனால்தான் வருகிறது.

கிண்ணம் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் 10 முதல் 12 செ.மீ. வாய் அகலமுள்ள எவர்சில்வர் கிண்ணமே போதும். உள்ளே வரிவரியாகப் புடைப்பு இருந்தால் நுரை விரைவில் எழும், அவ்வளவுதான் வித்தியாசம். கூடவே ஒரு தேக்கரண்டியும், தனியாக ஒரு டம்ளரில் தண்ணீரும் வையுங்கள். குழாயைத் திறந்து நேராக பிரஷ்ஷில் பிடித்தால் அளவு கைமீறிவிடும்.

2. தண்ணீரைச் சோதித்துக்கொள்ளுங்கள்

சென்னையின் பல பகுதிகளிலும் உள் மாவட்டங்களிலும் போர்வெல் தண்ணீர் கடினநீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகின்றன. வாளி விளிம்பில் படியும் வெள்ளைப் படலம் அதுதான். பிரஷ்ஷில் எடுத்த சோப்பில் ஒரு பங்கு நுரையாகாமல் கசடாகவே போய்விடுகிறது. டியூப் கிரீமும் அடிப்படையில் சோப்புதான் என்பதால் அதற்கும் விலக்கில்லை.

சோதனை சுலபம். மூடியுள்ள பாட்டிலில் 200 மி.லி. தண்ணீர் ஊற்றி, சவரச் சோப்பிலிருந்து ஒரு சிட்டிகை சுரண்டிப் போட்டு, நன்றாகக் குலுக்குங்கள். மேலே நுரை நின்று, கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் கவலையில்லை. நுரை கொஞ்சமாக வந்து, தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்தால் கடினநீர். ஷாம்பு, பாத்திரம் கழுவும் திரவம் போட்டுச் சோதிக்காதீர்கள். அவை கடினநீரிலும் நுரைக்கும், உண்மை தெரியாது.

கடினநீர் என்றால் பிரஷ் நனைக்கவும் நுரைக்கும் மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் அல்லது மழைநீர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சவரத்துக்கு 200 மி.லி. தாராளம். முகம் கழுவ வீட்டுத் தண்ணீரே போதும். கொதிக்கவைப்பது கடினத்தின் ஒரு பகுதியைத்தான் நீக்கும். சாதாரண கேண்டில் ஃபில்டர் (பீங்கான் குழாய் வைத்த வடிகட்டி) அழுக்கை வடிகட்டுமே தவிர இந்த உப்புகளைப் பிடிக்காது. வேறு வழியே இல்லையென்றால் சோப்பை ஒன்றரை மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

3. புது பிரஷ் என்றால்

முதலில் ஷாம்பு போட்டு வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். தொழிற்சாலைத் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் போகும். செயற்கை இழைக்கு இத்தோடு முடிந்தது.

பன்றிமுடி பிரஷ்ஷில் பன்றி வாடை இருக்கும், முதல் வாரத்தில் நுரையையும் தின்னும். முடியின் நுனிகள் இன்னும் பிளவுபடாததே காரணம். கீழே ஆறாம், ஏழாம் படிகளில் சொல்வதுபோல் பிரஷ்ஷில் சோப்பு ஏற்றி, கிண்ணத்தில் நுரை எழுப்பி, அந்த நுரையோடு ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் அலசி முழுதாகக் காயவிடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் வாடை தணியும். நுனி பிளந்து மிருதுவாக இரண்டு முதல் நான்கு வாரப் பயன்பாடு ஆகும். அதுவரை பிரஷ்ஷைக் குறை சொல்ல வேண்டாம்.

முதல் சில நாள்கள் நாலைந்து முடி உதிரும். ஒரு மாதத்துக்குப் பிறகும் தினமும் உதிர்ந்தால்தான் பிரஷ் பழுது.

4. பிரஷ்ஷை ஊறவைத்து, முகத்தை நனையுங்கள்

பன்றிமுடி 5 முதல் 10 நிமிடம் ஊற வேண்டும். காய்ந்த பன்றிமுடி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாதி ஊறிய பிரஷ் நீங்கள் கட்டிய நுரையிலிருந்து தண்ணீரை இழுத்து அதைக் காயவைத்துவிடும். பேட்ஜருக்கு இரண்டு நிமிடம். செயற்கை இழையை நனைத்தால் போதும்.

குஞ்சம் மட்டும் மூழ்கட்டும், கைப்பிடி வேண்டாம். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். கொதிநீர் இயற்கை முடியை உலர்த்தி ஒடியவைக்கும், அடியிலுள்ள பசையையும் தளர்த்தும்.

பிரஷ் ஊறும் நேரத்தில் கட்டிச் சோப்பின் மேல் ஒரு தேக்கரண்டி வெந்நீர் விட்டுவையுங்கள். மேல்பரப்பு இளகி, ஏற்றுவது பாதி நேரத்தில் முடியும். பிரஷ்ஷை வைக்கும் முன் அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடிப்பதைக் கீழே கொட்டாமல் முகத்தில் தடவிக்கொள்ளலாம், வழுவழுப்பாக இருக்கும்.

முகமும் அதே நேரத்தில் நனைய வேண்டும். தாடிமுடி தண்ணீர் குடித்து மிருதுவாக 2 முதல் 3 நிமிடம் ஆகும். காய்ந்த முடி பிளேடுக்கு மெல்லிய கம்பிபோல எதிர்த்து நிற்கும், ஊறிய முடி எளிதில் அறுபடும். குளித்த கையோடு சவரம் செய்வது உத்தமம். இல்லையென்றால் முகத்தைச் சோப்பால் ஒருமுறை கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்கி, வெதுவெதுப்பான ஈரத்துண்டை ஒற்றிவையுங்கள். துடைக்காதீர்கள்.

5. உதறுங்கள்

இந்தப் படி ஐந்து விநாடி வேலை. இதைத் தாண்டிப்போவதால்தான் பாதிப் பேருக்கு நுரை ஓடுகிறது.

பிரஷ்ஷைத் தண்ணீரிலிருந்து எடுத்து, தானாகச் சொட்டுவது நிற்கும்வரை பிடித்து, பிறகு வாஷ்பேசினுக்குள் இரண்டு மூன்று முறை உதறுங்கள். பேட்ஜர் என்றால் அடியை மெல்லப் பிழிந்து இன்னொருமுறை உதற வேண்டும். குஞ்சத்தைத் தலைகீழாகத் திருப்பினால் ஒரு சொட்டும் விழக்கூடாது. உள்ளங்கையில் ஒற்றினால் ஈரம் ஒட்ட வேண்டும். அந்த ஈரம் போதும்.

பயந்துபோய்த் துண்டில் துடைத்து எடுக்கவும் வேண்டாம். முழுக்கக் காய்ந்த பிரஷ் சோப்பை அள்ளாது, மேலே வழுக்கிப்போகும்.

6. சோப்பை ஏற்றுங்கள்

கட்டிச் சோப்பு: குஞ்சத்தின் நுனி சற்றே விரியும் அளவுக்கு அழுத்தி, வட்டமாகச் சுழற்றுங்கள். முதல் பத்து விநாடியில் பெரிய குமிழ்கள் வரும். பலர் அதை நுரை என்று நம்பி நிறுத்திவிடுகிறார்கள். அது வெறும் காற்று. தொடர்ந்து சுழற்றினால் குமிழ்கள் அடங்கி, சோப்பின் மேல் வெண்ணெய்ப் பசைபோல ஒரு படலம் கட்டும். பிரஷ்ஷின் நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுழற்றும் ஓசை தணியும். நல்ல தண்ணீரில் 30 விநாடி, கடினநீரில் ஒரு நிமிடம்வரை. அதிகமாகிவிட்டால் நஷ்டம் கொஞ்சம் சோப்புதான். குறைந்தால் சவரமே கெடும்.

குச்சிச் சோப்பு: துருக்கி நாட்டு ஆர்கோ போன்றவை இந்த வடிவில் வருகின்றன. ஈர முகத்தில், முடி வளரும் திசைக்கு எதிராகத் தேய்க்க வேண்டும். தாடிமுடியே துருவல்பலகையாகச் சோப்பைச் சுரண்டி எடுக்கும். முகம் முழுவதும் வெள்ளைப் பூச்சாகத் தெரிந்ததும் நிறுத்துங்கள்.

டியூப் கிரீம்: சுமார் 2 செ.மீ. நீளம், அதாவது ஒரு பாதாம்பருப்பு அளவு. குஞ்சத்தின் நடுவில் பிதுக்கி வைத்தால் பாதி உள்ளே இறங்கி அடியில் தங்கிவிடும். கிண்ணத்தின் பக்கச் சுவரிலோ இரு கன்னங்களிலோ தடவிவிட்டு, பிரஷ்ஷின் நுனியால் எடுங்கள்.

7. தண்ணீர் சேர்த்துப் பதம் பாருங்கள்

சலூனில் உற்றுக் கவனித்தால் இது புரியும். முடிதிருத்துபவர் கிரீமை வைத்துப் பிரஷ்ஷைச் சுழற்றுவார், நடுநடுவே ஸ்பிரே பாட்டிலால் முகத்தில் இரண்டு பீய்ச்சு பீய்ச்சுவார். முகத்தை நனைக்கிறார் என்று நினைப்போம். உண்மையில் நுரைக்குத் தண்ணீர் சேர்க்கிறார், பதம் பார்த்துப் பார்த்து.

கிண்ணத்தில் செய்வதானால்: ஏற்றிய பிரஷ்ஷை அப்படியே வைத்து, தண்ணீர் எதுவும் விடாமல் இருபது சுற்று சுற்றுங்கள். கெட்டியான, மங்கலான பசை வரும். அரைத் தேக்கரண்டி தண்ணீர் விட்டு, அது முழுதாகக் கலந்து மறையும்வரை, 15 விநாடிபோல, சுற்றுங்கள். மறுபடி அரைத் தேக்கரண்டி. இப்படியே தொடருங்கள். முந்தைய தண்ணீர் கலக்கும் முன் அடுத்ததை விட்டால் சோப்பு ஒருபுறம், தண்ணீர் ஒருபுறம் என்று பிரிந்து பெருங்குமிழ்களாகிவிடும்.

முட்டை அடிப்பதுபோல் அடிக்காதீர்கள். வேகம் காற்றைத்தான் உள்ளே கொண்டுவரும். நிதானமான வட்டம், நடுநடுவே பிரஷ்ஷைக் கிண்ணத்தில் மெல்ல அமுக்கி எடுத்தல். குஞ்சத்தின் உள்ளே மாட்டிக்கொண்ட சோப்பு வெளியே வந்து கலக்க இந்த அமுக்கல் வேண்டும்.

நேராக முகத்திலேயே நுரை எழுப்புவதும் இதேதான், தேக்கரண்டிக்குப் பதில் நுனி நனைப்பு. கன்னத்தில் வட்டமாகச் சுழற்றி, பசை பரவியதும் பிரஷ்ஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு மீண்டும் சுழற்றுங்கள். ஐந்தாறு முறை தொட வேண்டியிருக்கும். பிரஷ் முடியைத் தூக்கி நிறுத்துவதாலும் இரண்டு நிமிடம் ஈரத்தில் ஊறுவதாலும், முரட்டுத் தாடிக்குக் கிண்ணத்தைவிட இதுவே மேல். பரு, புண் உள்ள முகத்துக்குக் கிண்ணம்தான் சரி.

இனி பதம். கண்ணால் பார்க்க வேண்டியது நுரையின் உயரத்தை அல்ல, மினுமினுப்பை.

தண்ணீர் போதாத நுரை அடித்த வெண்ணெய்போல் நிமிர்ந்து நிற்கும், மங்கலாக இருக்கும், விரலில் ஒட்டும். உற்றுப் பார்த்தால் மேலே ஊசிக்குத்துபோல் சிறு துளைகள் தெரியும். படத்துக்கு அழகாக இருப்பது இந்த நுரைதான், அதனாலேயே பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். பிளேடுக்கு இது பசை, வழுக்காது.

பதமான நுரை கெட்டித்தயிர்போல் இருக்கும். மேலே ஈரப்பளபளப்பு தெரியும். பிரஷ்ஷைத் தூக்கினால் எழும் முனை நிமிர்ந்து நிற்காமல் தலைசாயும். குமிழ் தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்துத் தேய்த்தால் விரல்கள் ஒன்றையொன்று பிடிக்க முடியாமல் வழுக்கும்.

தண்ணீர் மிஞ்சிய நுரை மோர்போல் ஓடும், அல்லது பாத்திரம் கழுவிய நுரைபோல் பெரிய குமிழ்களோடு படபடவென்று உடையும்.

பதம் எங்கே என்று கை அறிய ஒரே குறுக்குவழி, ஒருமுறை வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது. சவரம் செய்யாத நாளில் வழக்கமான அளவு சோப்பு எடுத்து, அரைத் தேக்கரண்டியாக எண்ணி எண்ணி ஊற்றி, நுரை உடையும்வரை போங்கள். ஒவ்வொரு முறையும் விரலால் தேய்த்துப் பாருங்கள். ஒன்பதாவதில் உடைந்தது, ஆறிலும் ஏழிலும் வழுவழுப்பு உச்சத்தில் இருந்தது என்றால், அந்தச் சோப்புக்கும் அந்தத் தண்ணீருக்கும் உங்கள் எண் ஆறு. சோப்பு மாறினால் எண்ணும் மாறும். பெரும்பாலோர் தாங்கள் இதுவரை நிறுத்திவந்த இடம் மூன்றோ நான்கோதான் என்று அப்போதுதான் காண்கிறார்கள்.

8. முகத்தில் பூசுங்கள்

முகம் காய்ந்திருந்தால் மறுபடி நனையுங்கள். உலர்ந்த தோல் நுரையின் தண்ணீரைக் குடித்துவிடும்.

முதலில் வட்டமாக, நுனி விரியும் அளவு மட்டும் அழுத்தி. குஞ்சத்தின் இடுப்பு மடங்கும் அளவு அழுத்தினால் தோல் எரியும், பேட்ஜர் பிரஷ்ஷில் முடி அடியோடு ஒடியும். தாடைக்குக் கீழும் மேலுதட்டிலும் கூடுதலாக இரண்டு சுற்று. அங்கே முடி கனம், பூச்சு எப்போதும் மெலிவு. கடைசியில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் மேலும் கீழுமாக இழுத்துப் பூச்சைச் சமன்படுத்துங்கள்.

கனம் 3 மி.மீ. போதும். பஞ்சு மிட்டாய்போல் அப்பினால் பிளேடு அடைத்துக்கொள்ளும், எந்த இடம் மழித்தாயிற்று என்றும் தெரியாது.

மின்விசிறியை நிறுத்துங்கள். ஹாலில் கண்ணாடி மாட்டிச் சவரம் செய்யும் வீடுகளில் நுரை காய்வதற்கு முதல் காரணம் தலைக்கு மேலே சுற்றும் ஃபேன்தான், சோப்பு அல்ல.

பிளேடு ஒரு இழுப்பு இழுத்த இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈர வழுவழுப்பு மிச்சம் இருக்க வேண்டும். வறட்டென்று இருந்தால் நுரைக்கு இன்னும் தண்ணீர் வேண்டும். நுனியை நனைத்து, மழிக்காத பகுதியில் மீண்டும் சுழற்றுங்கள்.

9. இரண்டாம் சுற்றுக்கு

முதல் முறை முடி வளரும் திசையில் மழித்த பின், முகத்தைத் தண்ணீரால் அலசி, பிரஷ்ஷில் மீதமிருக்கும் நுரையை மறுபடி பூசுங்கள். இதற்குள் பிரஷ் சற்றுக் காய்ந்திருக்கும், நுனியைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் உயிர்பெறும். நுரை பூசாத இடத்தில் பிளேடை இரண்டாம் முறை ஓட்டாதீர்கள். கழுத்தில் சிவந்து தடிப்பதற்கு பெரும்பாலும் இந்தப் பழக்கமே காரணம்.

இரண்டாம் சுற்றுக்கு நுரை மிஞ்சவில்லையென்றால் ஏற்றிய சோப்பு குறைவு என்று பொருள்.

10. கெட்டுவிட்டால் சரிசெய்வது

ஓடுகிறது: தண்ணீரை வடிக்க முயலாதீர்கள். பிரஷ்ஷை ஒருமுறை உதறி, சோப்பின் மேல் 10 விநாடி சுழற்றுங்கள். கிரீம் என்றால் பட்டாணி அளவு சேர்த்தால் போதும்.

நுரையே எழவில்லை: தண்ணீரைச் சந்தேகியுங்கள், இரண்டாம் படிக்குப் போங்கள்.

தொடங்கும்போது நன்றாக இருந்து, நடுவில் நீர்த்துப்போகிறது: பிரஷ்ஷின் உள்ளே ஒளிந்திருந்த தண்ணீர் இறங்குகிறது. உதறல் போதவில்லை.

நுரை பட்டதும் எரிகிறது: மென்தால் குளிர்ச்சி வேறு, எரிச்சல் வேறு. தோல் சிவந்தால் கழுவிவிட்டு அந்தச் சோப்பை நிறுத்துங்கள். பல நேரம் வாசனைப் பொருள்தான் ஒத்துக்கொள்ளாது. அப்படியென்றால் மணமில்லாத சோப்பில் அது நின்றுவிடலாம்.

11. கழுவிக் காயவையுங்கள்

வெதுவெதுப்பான நீரில், குஞ்சத்தை உள்ளங்கையில் அமுக்கி அமுக்கித் தண்ணீர் தெளிவாகும்வரை அலசுங்கள். அடியில் சோப்பு தங்கினால் முடி அங்கேயே இறுகி ஒடியும். முறுக்கிப் பிழியக்கூடாது, கையால் பொத்தி அழுத்தினால் போதும். நாலைந்து உதறு, பிறகு காய்ந்த துண்டில் முன்னும் பின்னும் ஒரு தேய்ப்பு.

காற்றாடும் இடத்தில் நிறுத்தியோ தொங்கவிட்டோ வையுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை, காற்றுதான் முக்கியம். ஈரத்தோடு டப்பாவில் மூடினாலோ, குளியலறை அலமாரிக்குள் வைத்தாலோ பூஞ்சை பிடிக்கும். இயற்கை முடி முழுதாகக் காய ஒரு நாள் ஆகும், மழைக்காலத்தில் அதற்கும் மேல். தினமும் சவரம் செய்பவர் இரண்டு பிரஷ் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். வெயிலில் காயவைப்பது வேண்டாம். ஒருவர் பிரஷ்ஷை இன்னொருவர் பயன்படுத்துவதும் வேண்டாம். சவரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், தொற்று அதன் வழியே போகும்.

நுனிகள் ஒட்டிக்கொண்டு விறைத்தாலோ, அடியில் வெள்ளையாகப் படிந்தாலோ அது கடினநீர்க் கசடு. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு ஒன்பது பங்கு வெதுவெதுப்பான நீர் கலந்து, குஞ்சத்தை மட்டும் 10 நிமிடம் ஊறவைத்து, பிறகு ஷாம்புவால் அலசுங்கள். கடினநீர் வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். வினிகர் வாடை அடுத்த சவரத்தில் போய்விடும்.